கூட்டுறவு வந்தபின் யூனியன் எதற்கு?

தமிழில் தொழிற்சங்கமும் சங்கம்தான், கூட்டுறவும் சங்கம்தான். குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. மூடிய ஆலையைத் தொழிலாளர்களே எடுத்து நடத்தலாம் என்று பேச்சு வந்ததும், "இனி நாமதான் முதலாளி, யூனியனைக் கலைச்சிடலாம்" என்பார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

கண்ணூரின் தினேஷ் பீடிக் கூட்டுறவைப் பாருங்கள். பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கான 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கேரளம் 1968-இல் அமலாக்கியதும், மங்களூர்க் கம்பெனிகள் பட்டறைகளை மூடின. சுமார் 12,000 பேருக்கு வேலை போனது. அவர்களை வைத்து 1969 பிப்ரவரியில் கூட்டுறவு தொடங்கியது. பங்கு 20 ரூபாய். கையிலிருந்து 1 ரூபாய், மீதி அரசுக் கடன். மத்திய சங்கம் இலையும் புகையிலைத் தூளும் வாங்கிக் கொடுத்து, பீடியை விற்கும். சுற்றுவது அதன் கீழுள்ள தொடக்கச் சங்கங்களின் வேலை.

பீடிக்குக் கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கு. இலை வாங்குகிறவர் மலிவாக ஓட்டை இலையை எடுத்தால் கழிவு கூடும், வழக்கமான நேரத்துக்குள் ஆயிரம் பீடி தேறாது. நஷ்டம் சுற்றுபவர் தலையில்தான் விழும். திருநெல்வேலிப் பக்கம் வீட்டில் சுற்றும் பெண்கள் பற்றாத இலையைக் கைக்காசு போட்டு வாங்குவது இதனால்தான். கூட்டுறவிலும் நிர்வாகக் குழுவுக்கு அடக்கவிலைதான் முதல் கவலை. கேட்க யூனியன் இல்லையென்றால் சுற்றுபவர் யாரிடம் போய் முறையிடுவார்?

ஆகவே கூட்டுறவின் துணைவிதி (உள்விதிகள்) எழுதும்போதே ஒன்றை உறுதி செய்யுங்கள்: நிர்வாகக் குழுவில் இருப்பவர் யூனியன் பொறுப்பில் இருக்கக் கூடாது. ஒரே ஆள் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தால் கூலிப் பேச்சு கண்துடைப்பாகிவிடும். கூலி விகிதமும் கழிவுக்கான அளவும் எழுத்து ஒப்பந்தமாக இருக்கட்டும். குறைதீர்க்கும் குழுவில் இரு தரப்புக்கும் சம இடம் கொடுங்கள்.

பணம் இன்னும் கவனமாகக் கையாள வேண்டியது. பழைய கம்பெனி தர வேண்டிய கிராஜுவிட்டியை, அதாவது பணிக்கொடையை (கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் பணியாண்டுகளாலும் பெருக்குங்கள்) முதலில் கைக்கு வாங்கிவிடுங்கள். அதை மொத்தமாகப் பங்கில் போட வைப்பது தவறு. கூட்டுறவு சரிந்தால் வேலையும் சேமிப்பும் ஒரே நாளில் போய்விடும். யூனியனின் பொது நிதியைச் சட்டம் அனுமதித்த செலவுகளுக்கு மட்டுமே எடுக்கலாம். பங்குப் பணம் உறுப்பினர் தனித்தனியாகப் போடட்டும்.

இரண்டும் சேர்ந்தே வளரலாம் என்பதற்கு அகமதாபாத்தில் சுயதொழில் செய்யும் பெண்களின் யூனியனான சேவா சாட்சி. எதிரில் முதலாளியே இல்லாத பெண்களுக்கு யூனியன் எப்படி என்று பதிவுத் துறை தயங்கியது, 1972-இல் பதிவானது. 1974-இல் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் போட்டுத் தங்கள் கூட்டுறவு வங்கியைத் தொடங்கினார்கள்.

கண்ணூர்ப் பட்டறைகளில் ஒருவர் செய்தித்தாள் வாசிப்பார். மற்றவர்கள் தாங்கள் சுற்றிய பீடியில் கொஞ்சம் கொடுத்து அவர் கூலியை ஈடுகட்டுவார்கள். உங்கள் கூட்டுறவின் மாதக் கணக்கையும் அப்படியே வேலையிடத்தில் உரக்க வாசிக்க வையுங்கள்: சரக்கு என்ன விலைக்கு வாங்கினோம், எவ்வளவு கழிந்தது, யாருக்கு எவ்வளவு பாக்கி.