லிங்க்கைத் தட்டினால் ஓட வேண்டும்: முதல் வேலை தேடுவோரின் ப்ராஜெக்ட்டுகள்

சாஃப்ட்வேர் வேலை தேடும் ஃப்ரெஷர்களின் ரெஸ்யூமேக்களில் டூ-டூ லிஸ்ட், வெதர் ஆப், கால்குலேட்டர் மூன்றும் மாறி மாறி வருகின்றன. பெரும்பாலும் வீடியோ பார்த்து அப்படியே தட்டியவை. கோடில் பிழை இருக்காது. ஆனால் இன்டர்வியூவில் "இந்த டேட்டாபேஸ் டேபிளை ஏன் இப்படிப் பிரித்தீர்கள்?" என்று கேட்டதும் பேச்சு நின்றுவிடும்.

அதற்குப் பதிலாக, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கணக்கை ப்ராஜெக்ட்டாக எடுங்கள். வீடு வீடாகப் பால் பாக்கெட் போடுபவரின் மாதக் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். பார்க்கச் சின்னதுதான். 16-ஆம் தேதி விலை ஏறினால் என்ன ஆகும்? விலையைப் பொருள் டேபிளில் மட்டும் வைத்துப் பெருக்கினால், போன மாத பில்லும் சேர்ந்து மாறிவிடும். ஒவ்வொரு நாளின் பதிவிலும் அன்றைய விலையை எழுதிவைக்க வேண்டும். தொகையைத் தசமத்தில் வைப்பது இன்னொரு தவறு: ஜாவாஸ்கிரிப்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். பைசாவாக, முழு எண்ணில் சேமியுங்கள்; திரையில் காட்டும்போது 100-ஆல் வகுத்தால் போதும். இந்த இரண்டையும் யோசித்துச் செய்தவரிடம் அரை மணி நேரம் பேச விஷயம் இருக்கும்.

அடுத்தது, தயவுசெய்து அலட்சியம் காட்டாதீர்கள்: ரகசியச் சாவிகள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் ஏபிஐ கீயும் (வெளிச் சேவையைப் பயன்படுத்தத் தரும் ரகசியக் குறியீடு) உள்ள டாட் என்வ் (.env) ஃபைலை, கோடைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றிவிட்டு, பிறகு அழித்து மறுபடி கமிட் (மாற்றத்தைப் பதிவு) செய்கிறார்கள். பழைய கமிட்டைத் திறந்தால் அது அப்படியே இருக்கும். எந்த ஃபைலைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் கிட்இக்னோரில் (.gitignore) பிறகு எழுதினாலும், மாற்றங்களைப் பதியும் கருவியான கிட், ஏற்கெனவே கண்காணிக்கும் ஃபைலை விட்டுவிடாது. முதல் வேலையாக அந்தக் கீயை ரத்து செய்து புதிது வாங்குங்கள். ஃபைலை நீக்குவதெல்லாம் அதற்குப் பிறகு. ரியாக்ட் போன்ற, பிரவுசரில் ஓடும் கோடுக்குள் வைத்த கீயும் பிரவுசருக்குப் போய்விடும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அது சர்வர் பக்கம்தான் இருக்க வேண்டும்.

லைவ் லிங்க் கட்டாயம். ஆப்பை இணையத்தில் ஓட்ட இடம் தரும் ஹெரோகுவின் இலவசத் திட்டம் 2022 நவம்பரிலேயே முடிந்தது. பழைய வழிகாட்டிகளை நம்பி அங்கே போகாதீர்கள். அதே போன்ற சேவையான ரெண்டரின் இலவசத் திட்டத்தில் 15 நிமிடம் யாரும் வராவிட்டால் சர்வர் தூங்கிவிடும், மறுபடி எழ ஒரு நிமிடம் வரை ஆகும். ரெஸ்யூமே பார்ப்பவர் வெள்ளைத் திரையோடு அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார். "முதல் முறை திறக்க ஒரு நிமிடம் ஆகலாம்" என்று லிங்க்குக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். பதிவு செய்யச் சொல்லாமல் டெமோ லாகின் கொடுங்கள். அதற்குள் நாலு வாடிக்கையாளர், ஒரு மாதக் கணக்கு நிரப்பியிருக்கட்டும்.

ரீட்மீயில் (ப்ராஜெக்ட்டை விளக்கும் ஃபைல்) முதலில் ஒரு ஸ்கிரீன்ஷாட், பிறகு இது யாருக்கு என்று இரண்டு வரி, ஓட்டும் கட்டளைகள், இன்னும் செய்யாதவை. கடைசியாகச் சொன்னதைப் பலர் மறைக்கிறார்கள். எழுதினால் மதிப்பு கூடத்தான் செய்யும். "ஃபைனல்" என்று ஒரே கமிட்டில் மொத்தத்தையும் ஏற்றினால் காப்பியோ என்ற சந்தேகம் வரும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனி கமிட் போடுங்கள்.

கிட்ஹப்பில் உங்கள் பக்கத்தில் முன்னால் தெரியும்படி 6 ரெப்போ (ஒரு ப்ராஜெக்ட்டின் கோட் தொகுப்பு) வரை பின் செய்யலாம். நல்லதாக இரண்டு இருந்தால் போதும், மற்ற இடங்கள் காலியாகவே இருக்கட்டும். அனுப்பும் முன் நண்பரின் லேப்டாப்பில் ரெப்போவை க்ளோன் செய்து (நகலெடுத்து), ரீட்மீயை மட்டும் பார்த்து அவரையே ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள்.