பட்டியலில் இல்லாத மாவட்டம்

மொரிஷியஸில் தைப்பூசம் அரசு விடுமுறை. காவடி எடுக்க வருகிறவர்கள் கூட்டம் சொல்லி மாளாது. அதனால் எங்கள் கோவிலில் போன வருடம் பதிவை இணையத்தில் வைத்தோம். படிவத்தை எழுதியது நான். மாவட்டத்துக்கு ஒன்பது பெயர்கள் கொண்ட டிராப்டவுன் பட்டியல். எழுத்துப்பிழைக்குக்கூட இடமில்லை என்று நம்பியிருந்தேன். பதிவுகளைத் திறந்தால், ஒருவரின் மாவட்டம் 'சென்னை'!

எப்படி? கணினியில் அந்தப் பட்டியலின் மேல் வலது கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' கொடுங்கள். திறக்கும் பக்கக் குறியீட்டில், ஒன்பதில் ஒன்றான மோக்கா மாவட்டத்துக்கு உரிய வரியில் 'வேல்யூ' என்று ஒரு மதிப்பு இருக்கும். அதை அழித்துச் 'சென்னை' என்று எழுதி, மோக்காவையே தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். திரையில் தெரிவது மோக்கா, படிவத்தைப் பெற்றுக்கொள்ளும் கணினியான சர்வருக்குப் போவது சென்னை. பிரவுசரே இல்லாமல் 'கர்ல்' என்ற கருவியால் ஒரே வரியிலும் அனுப்பிவிடலாம்.

பட்டியல் சர்வருக்குப் போவதே இல்லை. 'மாவட்டம்=மோக்கா' என்பதுபோல் ஒரு துண்டு எழுத்துதான் போகிறது. பட்டியலில் தொட்டு எடுத்ததா, கையால் எழுதியதா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆகவே அதே ஒன்பது பெயர்களைச் சர்வரிலும் வைத்து, வந்தது அவற்றில் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். படிவமும் சோதனையும் ஒரே பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்வது நல்லது. இரண்டு பிரதி இருந்தால் ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்துவிடுவோம். சர்வர் நிரலைப் பிஎச்பி மொழியில் எழுதுகிறவர்கள் கண்டிப்பான ஒப்பீட்டையே (===) பயன்படுத்துங்கள். தளர்வான ஒப்பீட்டில் (==) '010' என்பதும் '10' என்பதும் ஒன்றாகிவிடும்.

எனக்கு அதிகம் வேலை வைத்தது ஊர்ப் பட்டியல். மாவட்டத்தைத் தேர்ந்தால் அதற்குரிய ஊர்கள் மட்டும் வரும்படி செய்திருந்தேன். ஒருவர் முதலில் ப்ளேன் வில்ஹெம்ஸ், ரோஸ் ஹில் என்று தேர்ந்துவிட்டு, அப்புறம் மாவட்டத்தைக் கிராண்ட் போர்ட் என்று மாற்றுகிறார். இணைப்பு மந்தம், ஊர்ப் பட்டியல் புதுப்பிக்கப்படும் முன்பே அனுப்பிவிடுகிறார். இரண்டு பெயரும் சரியானவைதான், ஆனால் ரோஸ் ஹில் கிராண்ட் போர்ட்டில் இல்லை. இங்கே யாரும் ஏமாற்றவில்லை. ஒவ்வொன்றாகச் சோதித்தால் இது தப்பிவிடும், ஜோடியாகத்தான் பார்க்க வேண்டும்.

படிவத்தில் வருகைக்கான நேரத்தைத் தேர்வதிலும் இப்படித்தான். படிவம் திறந்தபோது காலியாக இருந்த நேரம், அனுப்புவதற்குள் நிரம்பியிருக்கலாம். பதிவு செய்கிற அந்தக் கணத்தில் சர்வர் மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும்.

தவறு இருந்தால் படிவத்தை வெறுமையாகத் திருப்பிவிடாதீர்கள். கைபேசியில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்த பாட்டிமார்கள் எங்கள் கோவிலில் நிறையப் பேர். அவர்கள் எழுதியதை அப்படியே வைத்து, திருத்த வேண்டிய கட்டத்தை மட்டும் சிவப்பில் காட்டினேன்.