மரங்கோனி விளைவு: ஒளியால் நீர்ப்பரப்பில் துகள்கள் நகர்வதைக் குறிக்கும் சொற்கள்

நீர்ப்பரப்பில் ஓரிடத்தில் பரப்பு இழுவிசை (நீரின் மேற்பரப்பைச் சுருங்க இழுக்கும் விசை) குறைந்தும் அருகில் மிகுந்தும் இருந்தால், மிகுந்த பக்கம் பரப்பைத் தன்பால் இழுப்பதால் அத்திசையில் ஓர் ஓட்டம் தோன்றும். இதுவே மரங்கோனி விளைவு. தட்டிலுள்ள நீரில் இட்ட சூடத் துணுக்கு தானாகவே சுழன்றோடுவதும் இதனால்தான். துணுக்கிலிருந்து பரவும் கற்பூரம் இழுவிசையைக் குறைக்க, அது குறையாத பக்கத்துக்குத் துணுக்கு இழுபடுகிறது.

ஒயின் கோப்பையின் உட்சுவரில் துளிகள் திரண்டு வழிவதற்கு இதே காரணத்தை 1855-இல் பொறியாளர் ஜேம்ஸ் தாம்சன் எடுத்துக்காட்டியிருந்தார். ஆயினும், பாவியா பல்கலைக்கழகத்தில் ஆய்ந்து 1865-இல் முடிவுகளை வெளியிட்ட இத்தாலிய இயற்பியலாளர் கார்லோ மரங்கோனியின் பெயரே நிலைத்தது.

பரப்பு இழுவிசையில் இத்தகைய வேறுபாட்டை ஒளியாலும் உண்டாக்கலாம். நீரின் பரப்பு இழுவிசை 20 பாகை செல்சியசில் மீட்டருக்கு ஏறத்தாழ 72.8 மில்லிநியூட்டன், வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் அது சுமார் 0.15 குறையும். கரிய துகள்கள் மிதக்கும் பரப்பில் ஒளிக்கற்றையைப் பாய்ச்சினால், அவை ஒளியை உறிஞ்சிச் சூடேறிச் சுற்றியுள்ள நீரையும் சூடாக்க, இழுவிசை குறைந்த அவ்விடத்திலிருந்து நீர் வெளிநோக்கி ஓடித் துகள்களையும் கொண்டு செல்கிறது. வெப்பமின்றியும் இது நிகழும். அசோபென்சீன் என்னும் சேர்மத்தைக் கொண்ட பரப்பியங்கிகளின் (பரப்பில் படிந்து இழுவிசையைக் குறைக்கும், சோப்பு போன்ற பொருள்களின்) மூலக்கூறுகள் புற ஊதா ஒளியில் வடிவம் மாறிப் பரப்பை விட்டு நீங்குவதால் ஒளிபட்ட இடத்தில் இழுவிசை கூடுகிறது. துகள்கள் அங்கே வந்து குவிகின்றன. நீல ஒளியைப் பாய்ச்சினால் மூலக்கூறுகள் பழைய வடிவத்துக்குத் திரும்ப, ஓட்டமும் திசை மாறுகிறது. ஒரே பரப்பில் ஒளியின் நிறத்தை மாற்றியே கூட்டவும் கலைக்கவும் முடிவதுதான் இத்துறையில் என்னை மிகவும் ஈர்ப்பது.

தமிழில் மரங்கோனி என்ற பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, ஓட்டத்தைப் 'பரப்போட்டம்' என்றும், ஒளியால் எழுவதை 'ஒளித்தூண்டு பரப்போட்டம்' என்றும் வழங்கலாம். 'ஒளித்தள்ளல்' பொருந்தாது, ஒளியின் அழுத்தத்தால் பொருள் தள்ளப்படுவது வேறு நிகழ்வு, இங்கே துகளை நகர்த்துவது நீரே. பல துகள்கள் ஒருங்கே நகர்வதைக் 'கூட்டு இயக்கம்' என்பதைவிடத் 'திரளியக்கம்' என்பதே தக்கது. ஏனெனில் இவற்றிடையே இசைவு ஏதுமில்லை, ஒவ்வொரு சூடான துகளும் எழுப்பும் ஓட்டம் அண்டைத் துகளை இடம்பெயர்க்க, அதனால் மட்டுமே திரள் முழுவதும் அசைகிறது.