அட்டெஸ்டேஷன் முடிந்தால் லைசென்ஸ் கிடைத்துவிடுமா?

"மேடம், சர்ட்டிபிகேட் எல்லாம் அட்டெஸ்டேஷன் பண்ணியாச்சு. இனி லைசென்ஸ் வந்திடும் இல்லையா?" வளைகுடாவுக்குக் கிளம்பும் நர்ஸ்களில் பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். வராது. அட்டெஸ்டேஷனில் விழும் தூதரக முத்திரை சொல்வதெல்லாம், அந்தத் தாளில் இருக்கும் கையெழுத்தும் சீலும் உண்மை என்பதை மட்டும்தான். துபாய், அபுதாபி, சவுதி, கத்தார் போன்ற இடங்களில் நர்சாக வேலை பார்க்க லைசென்ஸ் தருபவர்கள் அதோடு விடுவதில்லை. டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் வழியாக நீங்கள் படித்த இடம், பதிவு செய்த நர்சிங் கவுன்சில், வேலை பார்த்த ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் நேரடியாகக் கேட்கிறார்கள். இவர் இங்கே படித்தாரா, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தார், என்ன வேலை பார்த்தார்? லைசென்ஸ் பரீட்சையில் பாஸாகிவிட்டு, இந்தக் கேள்விக்குப் பதில் வராமல் மாதக்கணக்கில் வீட்டில் இருப்பவர்கள் நம் குமரி மாவட்டத்தில் நிறைய உண்டு.

நான் இங்கே ஒரு நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். பழைய மாணவிகளைப் பற்றி வரும் சரிபார்ப்பு மெயில்களுக்கு ரெஜிஸ்டரைப் பார்த்துப் பதில் எழுதுவதும் என் பொறுப்புதான். அதனால் இந்த வேலை எங்கே சிக்குகிறது என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

முதல் சிக்கல் அந்த மெயில். சின்ன ஆஸ்பத்திரிகளில் அது ஸ்பேமில் கிடக்கும். அல்லது பார்த்த கிளார்க் வேலையை விட்டுப் போயிருப்பார். நினைவூட்டியும் பதில் இல்லையென்றால், 'சரிபார்க்க முடியவில்லை' என்று அறிக்கை வரும். பயப்பட வேண்டாம், போலி என்று அதற்கு அர்த்தமில்லை. கட்டணம் கட்டி மறுபடி கேட்க வைக்கலாம். போலி என்றே அறிக்கை வந்துவிட்டால்தான் ஆபத்து. வளைகுடாவில் பெரும்பாலான அமைப்புகளுக்கு அதே நிறுவனம்தான் சரிபார்க்கிறது, ஆகவே ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்கு முயன்றாலும் அது கூடவே வரும். "எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் நாங்களே ரெடி பண்ணித் தருகிறோம்" என்று சொல்லும் ஏஜென்ட் அப்போது போனை எடுக்க மாட்டார்.

அடுத்தது தேதி. கருங்கல் பக்கத்துப் பெண் ஒருத்தி, பி.எஸ்சி. ரிசல்ட் வந்த வாரமே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள். தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு கிடைத்தது ஐந்து மாதம் கழித்து. அனுபவக் கடிதத்தில் சேர்ந்த நாளிலிருந்தே 'ஸ்டாஃப் நர்ஸ்' என்று போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவள் விண்ணப்பித்த வேலைக்கு இரண்டு வருட அனுபவம் தேவை. அவள் கணக்கில் சரியாக இரண்டு வருடம், லைசென்ஸ் தருபவர்கள் கணக்கில் பத்தொன்பது மாதம். பதிவுக்கு முந்தைய வேலையை அனுபவமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பதிவில்லாமல் எப்படி நர்சாக வேலை பார்த்தாய் என்ற கேள்வியும் கூடவே வரும். "ராப்பகலா நின்னு வேலை பாத்தாளே டீச்சர்" என்று அவள் அம்மா ஆதங்கப்பட்டார். பார்த்தாள்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் தாளில் அது நிற்காது. இன்னும் ஐந்து மாதம் வேலை பார், பிறகு புதுக் கடிதம் வாங்கு மக்களே என்று சொல்லி அனுப்பினேன்.

கடிதத்தில் நாள், மாதம், வருடம் மூன்றும் இருக்க வேண்டும். எந்த வார்டு, எத்தனை படுக்கை ஆஸ்பத்திரி, முழுநேர வேலையா என்பதும், கவுன்சில் பதிவு எண்ணும், கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும் வேண்டும். ஆஸ்பத்திரியின் சொந்த மெயில் முகவரி இருந்தால் மிக நல்லது. ஜிமெயில் முகவரியைக் கண்டாலே சந்தேகப்படுகிறார்கள்.

பெயர் விஷயம் நம் ஊருக்கே உரிய தலைவலி. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'எஸ். மேரி ஷீபா'. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும் என்பதால் அங்கே 'மேரி ஷீபா செல்வராஜ்'. கவுன்சில் பதிவில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். ஆஸ்பத்திரியில் எல்லாரும் கூப்பிடும் வீட்டுப் பெயரிலேயே கடிதம் அடித்துத் தந்திருப்பார்கள். கல்யாணம் ஆனதும் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் ஏறிவிடும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது நாலு பெண்கள். மார்க் ஷீட்டை மாற்றுவது பெரும்பாடு, அதனால் அதையே அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதற்குப் பொருத்துங்கள். அப்பா பெயர் அச்சான பாஸ்போர்ட் பக்கத்தின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள், இனிஷியல் குழப்பம் பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும். சரிபார்ப்பு நடக்கும்போது பாஸ்போர்ட்டில் பெயரை மட்டும் மாற்றாதீர்கள். கணவர் பெயர் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

களியக்காவிளை தாண்டிப் போய்ப் படித்தவர்களுக்கும் பெங்களூரில் படித்தவர்களுக்கும் இன்னொரு வேலை உண்டு. பதிவு கேரளாவிலோ கர்நாடகாவிலோ இருக்க, வேலை மட்டும் நாகர்கோவிலில் பார்த்திருப்பார்கள். இங்கே வேலை பார்க்க, பழைய கவுன்சிலிடம் தடையில்லாச் சான்று வாங்கித் தமிழ்நாட்டில் பதிய வேண்டும். 'இங்கே யாரும் கேட்கவில்லையே' என்பார்கள். அங்கே கேட்பார்கள். பதிவு நடப்பில் இருக்கிறது, மேலே புகார் இல்லை என்று சொல்லும் 'குட் ஸ்டாண்டிங்' சான்றிதழுக்கும் பதிவு இருக்கும் கவுன்சிலைத்தான் அணுக வேண்டும். அது சில மாதங்களே செல்லும் என்பதால் முதலிலேயே வாங்கி அலமாரியில் பூட்டி வைத்துப் பயனில்லை.

பிரிட்டன் வழி வேறு. அங்கே நர்சிங் கவுன்சில் ஆங்கிலத் தகுதி கேட்கும். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் எழுத்துக்கு 6.5, மற்ற மூன்றுக்கும் 7. நர்சிங் அறிவைச் சோதிக்கும் கம்ப்யூட்டர் தேர்வை இந்தியாவிலேயே எழுதலாம், செய்முறைத் தேர்வு அங்கே போய்த்தான். ஜெர்மனியில் ஜெர்மன் மொழி பி2 அளவுக்கு, அதாவது தடுமாறாமல் பேசும் அளவுக்கு, வேண்டும். அதோடு நம் பாடத்திட்டத்தையும் பயிற்சி மணி நேரத்தையும் அவர்களுடையதோடு ஒப்பிட்டு, குறைவதற்குத் துணைப் பயிற்சியோ தேர்வோ வைப்பார்கள். பாடவாரியாக மணி நேரம் விவரமாக உள்ள டிரான்ஸ்கிரிப்ட் என்ற பல்கலைக்கழகச் சான்று இதற்கு முக்கியம். அதைத் தரும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இருப்பது சென்னை கிண்டியில், இங்கிருந்து கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர். விசா வந்த பிறகு ஓடாமல், படிப்பு முடிந்த கையோடு விண்ணப்பித்துவிடுங்கள்.

ஏஜென்ட் வேண்டுமென்றால், 1978-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை முதலில் விசாரியுங்கள்.

வேலை பார்த்த ஆஸ்பத்திரியே மூடிவிட்டால் என்ன செய்வது? சம்பள ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட், நியமன உத்தரவு இவற்றைக் காட்டிப் பேச ஓரளவு இடம் உண்டு. எனவே எதையும் தூக்கிப் போடாதீர்கள். டேட்டாஃப்ளோ கேஸ் நம்பர் கிடைத்ததும் கல்லூரிக்கு ஒரு போன் பண்ணி பேட்ச் வருடத்தைச் சொல்லிவிடுங்கள். ரெஜிஸ்டரைத் தேடி எடுக்க எங்களுக்கு ஒரு நாள் போதும். 2000-க்கு முந்தைய பேட்ச் என்றால் மேல்மாடி அலமாரியைத் திறக்க வேண்டியிருக்கும், ஒரு வாரம் கொடுங்கள்.