நாற்று நட வந்தவர்களுக்கு ஒரு நாற்காலி

கும்பகோணத்தில் 22 வருடமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். நடவுக் காலம் வந்தால் மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நிறத்தையும் முகத்தையும் பார்த்ததும் ‘வடக்கன்’ என்று ஒதுக்கிவிடுகிறோம். எங்காவது திருட்டு என்றால் முதல் சந்தேகம் அவர்கள் மேல்தான். நாம் எடுக்கிற படங்களும் அதற்குத் துணைபோகின்றன: வயலில் குனிந்த முதுகு, ரயிலடியில் கூட்டம். யாருக்கும் முகம் கிடையாது.

நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு வந்த ஒரு தம்பி, “அம்மாவுக்கு அனுப்ப இன்னொண்ணு” என்றார். தலை வாரி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். பழைய படத்தில் என் தாத்தா உட்கார்ந்திருப்பதும் அச்சாக அப்படித்தான்.

எப்படி உட்கார்வது என்று படத்தில் இருப்பவரே முடிவு செய்வது பெரிய விஷயம். பிரிட்டிஷ் ஆட்சியில் 1868 முதல் 1875 வரை நம் மக்களை இனம் இனமாகப் படம் பிடித்து, குணக் குறிப்பும் எழுதி எட்டுத் தொகுதிகள் போட்டார்கள். எப்படித் தெரிய வேண்டும் என்று படத்தில் இருந்தவரை யாரும் கேட்கவில்லை. அதே நூற்றாண்டில் அமெரிக்காவில், அடிமையாகப் பிறந்து தப்பித்த ஃப்ரெடெரிக் டக்ளஸ் சுமார் 160 படங்களுக்கு உட்கார்ந்தார். கறுப்பர்களைக் கேலிச் சித்திரமாகவே வரைந்த காலம் அது. அவர் நல்ல கோட்டு போட்டு, சிரிக்காமல், அழுத்தமாகப் பார்த்தார்.

அந்தக் குறுவையிலேயே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் தங்கியிருந்த களத்துக்குப் போனேன். பம்புசெட் கொட்டகை நிழலில் உட்காரவைத்தேன். கேமரா அவர்கள் கண் உயரத்தில். பின்னால் வயல் தண்ணீர் பளபளத்தால் கேமரா ஏமாந்து முகத்தை இருட்டடித்துவிடும். கன்னத்தில் விழும் ஒளியை அளந்து எடுங்கள். அப்புறம் கம்ப்யூட்டரில் நிறத்தை வெளுக்காதீர்கள். வெயிலில் வேலை செய்த தோல் பக்கவாட்டு வெளிச்சத்தில் எவ்வளவு அழகாக மின்னும், தெரியுமா! யாராவது வேண்டாம் என்றால் கேமராவை மூடிவிட வேண்டும்.

ஆளுக்கொரு பிரிண்ட் கொடுத்தேன். சம்மதித்தவர்கள் படத்தைப் பெயரோடும் ஊரோடும் கடை முகப்பில், கல்யாணப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

ஆல்பம் வாங்க வந்த ஒரு அம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இந்தத் தம்பி எங்க வயல்லதாங்க நட்டுச்சு. பேரு கேட்டதேயில்லை” என்றார். பக்கத்தில் போய்ப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார்.