பள்ளி திறக்கும் முன் வாசலைத் தாண்டி உள்ளே வாருங்கள்

பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளி திறப்பது என்றதும் பலருக்கும் வாசல்தான் நினைவுக்கு வரும். நெற்றிக்கு நேராக நீட்டிய வெப்பமானி, கையில் ஊற்றும் சானிடைசர், தரையில் சுண்ணாம்பால் போட்ட வட்டங்கள். கடலூர் மாவட்டத்தில் சுகாதார ஆய்வாளராக அந்த நாட்களில் பள்ளி பள்ளியாகப் போய்ப் பார்த்தவன் நான். வாசலில் காட்டிய அக்கறையில் பாதியை வகுப்பறை ஜன்னலிலும் தண்ணீர்த் தொட்டியிலும் கழிப்பறையிலும் காட்டியிருந்தால் பிள்ளைகளுக்கு இன்னும் நல்லது நடந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை கரை புரண்டபோது நம் பள்ளிகள் பல மறுபடியும் நிவாரண முகாம்களாயின. நாள்கணக்கில் பூட்டிக் கிடந்து, அல்லது வெளியார் தங்கிப் போய், பிறகு பிள்ளைகளை உள்ளே விடும் வேலை இந்தக் கடலோரத்தில் எந்த ஆண்டும் வரலாம். அடுத்த பெருந்தொற்றும் என்றைக்காவது வரும். அன்று தலைமையாசிரியர் நாற்காலியில் இருக்கப்போகிறவர்களில் பலர் 2021-இல் அந்தப் பொறுப்பில் இருந்திருக்க மாட்டார்கள்.

நம் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. புதுச்சேரியின் பாகூர் பகுதியை ஒட்டியே கடலூர் மாவட்டம். இந்தப் பக்கத்துப் பிள்ளை அங்கே படிக்கும், அந்தப் பக்கத்துப் பிள்ளை இங்கே படிக்கும். புதுச்சேரியில் 2021 ஜனவரி 4 முதலே 1 முதல் 12 வரை எல்லா வகுப்புகளும் அரைநாள் தொடங்கின. தமிழ்நாட்டில் ஜனவரி 19-இல் 10, 12 வகுப்புகளுக்கு மட்டும் கதவு திறந்தது. அப்புறம் இரண்டாம் அலை. 2021 செப்டம்பர் 1-இல் 9 முதல் 12 வரை, நவம்பர் 1-இல் சின்ன வகுப்புகள், 2022 ஜனவரியில் ஒமைக்ரானால் மறுபடி மூடல், பிப்ரவரி 1-இல் மீண்டும் திறப்பு. ஒரே வீட்டில் அக்கா ஒரு மாநில விதிப்படியும் தம்பி வேறு மாநில விதிப்படியும் பள்ளிக்குப் போனால், எந்த விதி எதற்கு என்று அம்மாவுக்குக் குழப்பம் வரத்தானே செய்யும்? எல்லையோரப் பள்ளிகள் பெற்றோரிடம் இதைத் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும்.

முதலில் வெப்பமானியைப் பற்றி. அதைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஆனால் கொரோனா தொற்றிய பிள்ளைகளில் பலருக்குக் காய்ச்சலே வருவதில்லை. வருகிறவர்களும் அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பிறருக்குப் பரப்ப முடியும். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த பிள்ளையின் நெற்றியோ சும்மாவே சுடும். நிழலில் கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டுப் பாருங்கள். ஆள் மேல் கிருமிநாசினி தெளிப்பதை எந்த நாளும் செய்ய வேண்டாம். அப்படித் தெளிக்கக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. கண்ணும் தொண்டையும் எரிவதுதான் மிச்சம்.

இனி காற்று. நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். தொற்றுள்ளவர் பேசும்போதும் இருமும்போதும் வெளிவரும் நுண்துளிகள் மூடிய அறையில் வெகுநேரம் மிதக்கும். மின்விசிறி மட்டும் சுழன்றால் அதே காற்றைத்தான் அறைக்குள் சுற்றிச் சுற்றி விடும். ஏசி போட்ட ஸ்மார்ட் வகுப்பறையிலும் பெரும்பாலும் அதே கதைதான். எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு திறப்புகளாவது இருந்தால்தான் பழைய காற்று வெளியேறி புதுக்காற்று வரும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நபருக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று வேண்டும் என்கிறது. அதை அளக்க நம்மிடம் கருவி இல்லை என்று விட்டுவிட வேண்டியதில்லை. பிள்ளைகள் இல்லாத நேரத்தில் வகுப்பின் நடுவில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி வையுங்கள். புகை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வெளியே போனால் சரி. அங்கேயே தேங்கி நின்றால் அந்த அறையில் 20 பேரை உட்கார வைத்தாலும் ஆபத்துதான். வசதியுள்ள பள்ளி ஒரு கார்பன் டை ஆக்சைடு மானி வாங்கலாம். வெளிக்காற்றில் அது 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் காட்டும். வகுப்பு நடக்கும்போது 1000-ஐத் தாண்டினால் காற்று மாறவில்லை என்று பொருள்.

பல பள்ளிகளில் ஜன்னல் இருந்தும் பயனில்லாமல் இருந்தது. குறுக்கே பீரோ, அடுக்கிய உடைந்த பெஞ்சுகள், துருப்பிடித்து இறுகிய கொக்கிகள். சிமெண்ட் ஜாலியின் ஓட்டைகளில் காகிதம் அடைத்திருப்பார்கள். திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு தச்சரையும் கொஞ்சம் எண்ணெயையும் கொண்டு இதை முடித்துவிடலாம். பெரிய சிக்கல் மழைதான். 2021-இல் சின்ன வகுப்புகள் திறந்தது நவம்பரில். வடகிழக்கிலிருந்து சாரல் அடித்தால் எந்த டீச்சரும் ஜன்னலைச் சாத்தத்தான் செய்வார். பிள்ளைகளும் நோட்டும் நனைகின்றனவே. அதனால் சாரல் அடிக்கும் பக்கம் மேலே சரிவாக ஒரு தார்ப்பாய் கட்டுங்கள். வராண்டா பக்கத்துக் கதவும் ஜன்னலும் மழையிலும் முழுதாகத் திறந்தே இருக்கட்டும். காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் விசிறி ஒன்று மாட்டினால் இன்னும் நல்லது. வாய்ப்பாடு ஒப்பிப்பது, கோரஸாகப் பாடுவது போன்ற சத்தமான வேலைகளை மழை விட்ட நேரத்தில் மரத்தடிக்குக் கொண்டு போங்கள். உரக்கப் பேசும்போதுதான் துளிகள் அதிகம் வெளிவரும்.

மதிய உணவு நேரத்தில் எல்லாரும் முகக்கவசத்தைக் கழற்றி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்காருவார்கள். காலையிலிருந்து எடுத்த கவனமெல்லாம் அந்த இருபது நிமிடத்தில் வீணாகும். வகுப்புவாரியாக நேரம் பிரித்து, வராண்டாவில் ஒரே திசை பார்த்து உட்கார வைத்தால் போதும். ஷேர் ஆட்டோவும் இதே மாதிரிதான். மழைக்குப் பக்கவாட்டுப் படுதாவை இறக்கிவிட்டு எட்டுப் பத்துப் பிள்ளைகளை ஏற்றிவரும் ஆட்டோவுக்குள் காற்று எங்கே வரும்?

அப்புறம் தண்ணீர். மாதக்கணக்கில் மூடிக் கிடந்த பள்ளியில் கொரோனாவுக்கு முன்னால் டெங்கு காத்திருக்கும். மூடி பெயர்ந்த சின்டெக்ஸ் தொட்டி, கழிப்பறை ஃபிளஷ் தொட்டி, மொட்டை மாடியில் கிடக்கும் உடைந்த நாற்காலி, எல்லாமே ஏடிஸ் கொசுவுக்குப் போதும். அதன் முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீர் பட்டால் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். எனவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தொட்டியின் உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவி நிரப்பிய பிறகு 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் விட்டு, எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டுப் பழைய தண்ணீர் போகும்வரை ஓட விடுங்கள். கடைசிக் குழாயில் 0.2 பிபிஎம் குளோரினாவது இருக்க வேண்டும். ஊராட்சியில் உள்ள குளோரோஸ்கோப்பில், அதாவது தண்ணீரில் குளோரின் பார்க்கும் கருவியில், மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஓராண்டாகத் திறந்து கிடந்த பிளீச்சிங் பவுடர் மூட்டையை நம்ப வேண்டாம். அதில் குளோரின் போய்ச் சுண்ணாம்புதான் மிஞ்சியிருக்கும்.

கைகழுவச் சொல்லிப் பாடம் எடுத்துவிட்டுக் கழிப்பறையில் தண்ணீர் வராமல் வைத்திருக்கும் பள்ளியைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். மாதவிலக்கு வந்த மாணவி அந்த நாட்களில் பள்ளிக்கு வராமல் இருப்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

தொற்றைத் தடுப்பதில் ஜன்னலுக்கு இணையாக நான் வைப்பது, உடம்பு சரியில்லாத பிள்ளை பயமில்லாமல் வீட்டில் இருக்க முடிவதை. மீனவர் குப்பம் ஒன்றில் ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "காய்ச்சல்னு சொன்னா பேரை எடுத்துடுவாங்களா சார்?" அந்தப் பயத்தில் மாத்திரை கொடுத்துக் காய்ச்சலை அடக்கிப் பிள்ளையை அனுப்பி வைப்பார்கள். வெப்பமானி அதைக் கண்டுபிடிக்காது. நூறு சதவீத வருகைக்குச் சான்றிதழ் தரும் வழக்கத்தைத் தொற்றுக் காலத்தில் நிறுத்திவிடுங்கள். விடுப்பு எடுத்தால் பாடமும் போகாது, பெயரும் போகாது என்று முதல் பெற்றோர் கூட்டத்திலேயே தலைமையாசிரியர் தன் வாயால் சொல்ல வேண்டும். தொற்று உறுதியான பிள்ளையின் பெயரை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. ஒரு முறை அப்படி நடந்தால் அடுத்த வீட்டுக்காரர் பரிசோதனைக்கே வர மாட்டார். மூச்சு வாங்குதல், சாப்பிட மறுத்தல், எழுப்பினாலும் மயங்கிய மாதிரி இருத்தல் என்றால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். தொற்று வந்துபோய் இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் மறுபடி காய்ச்சல், கண் சிவப்பு, தடிப்பு, வயிற்றுவலி வந்தால் அதுவும் மருத்துவமனைக்கு உடனே போக வேண்டிய நிலைதான். அரிதானது, ஆனால் தாமதித்தால் இதயத்தைப் பாதிக்கும்.

பள்ளி மூடியபோது பள்ளியை நம்பி நடந்த சுகாதார வேலைகளும் நின்றன. 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டிடி (ரணஜன்னி, தொண்டை அடைப்பான்) தடுப்பூசி, குடற்புழு மாத்திரை, வாராந்திர இரும்புச்சத்து மாத்திரை, கண் பரிசோதனை. திறந்த முதல் மாதத்திலேயே விடுபட்டவர்கள் பட்டியலை எங்களிடம் கொடுங்கள், நாங்கள் பள்ளிக்கே வந்து போடுகிறோம். அதோடு, திறந்த பிறகும் வராத பிள்ளைகளின் பட்டியலையும் எடுங்கள். முந்திரி உடைக்கவோ செங்கல் சூளைக்கோ போயிருக்கலாம், கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கலாம். ஒரு வாரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லுங்கள்.

திறக்கும் நாளில் எல்லாப் பள்ளியும் பளிச்சென்று இருக்கும். இரண்டாவது வாரத்தில்தான் சோப்பு தீரும், ஜன்னல் மூடும், தொட்டி மூடி மறுபடி நழுவும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அவர்களில் இரண்டு பேர் வாரம் ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து இவற்றைச் சுற்றிப் பார்த்து ஒரு நோட்டில் எழுதட்டும். பிளீச்சிங் பவுடர் தீர்ந்தால் ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். தொட்டியில் புழு தெரிந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள், கொசுப்புழு ஒழிப்புப் பணியாளரை அனுப்பி வைப்போம்.