கணக்கொப்புவித்தல்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ரப்பர்த் தோட்டத்து ஊர்களில் தமிழ்ச் சபைக் கமிட்டி கூடினால், ‘அக்கவுண்டபிலிட்டி வேணும்’ என்று ஒருவராவது சொல்வார். கூட்டக் குறிப்பில் அது ‘பொறுப்பு’ என்று பதிவாகும். அது பாதிப் பொருள்தான். பொறுப்பைத் தனியாளாகவே ஏற்றுக்கொள்ளலாம். அக்கவுண்டபிலிட்டிக்கோ எதிரே கேட்கிற ஆள் ஒருவர் வேண்டும்.

ஆங்கிலச் சொல்லின் வேர், எண்ணிக் கணக்கிடுவதைக் குறிக்கும் ‘கம்ப்யூட்டாரே’ என்ற லத்தீன் சொல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. (கம்ப்யூட்டரும் அதே வீட்டுப் பிள்ளைதான்.) புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் கணக்குக் கேட்கும் இந்த மாதிரி இடங்களில் வருவது ‘லோகோஸ்’. யோவான் 1:1இல் ‘வார்த்தை’ என்று நாம் வாசிப்பதும், லூக்கா 16:2இல் எஜமான் கேட்கும் கணக்கும் அந்த ஒரே சொல். ‘உன் உக்கிராணக்கணக்கை ஒப்புவி’ என்கிறது தமிழ் வேதாகமம். (உக்கிராணம் என்றால் பொருள் நிர்வாகம்.) ரோமர் 14:12இலும் ‘கணக்கொப்புவிப்பான்’தான். கையில் இருக்கும் வேதாகமத்திலேயே சொல் இருக்கும்போது வெளியே தேடுவானேன்?

எபிரெயர் 13:17இல் ‘உத்தரவாதம்பண்ணுகிறவர்கள்’ என்று இருக்கிறது. உத்தரம் என்றால் பதில். ஆனால் இன்று உத்தரவாதம் என்பது ஃப்ரிட்ஜ் விற்பவர் கொடுப்பது. புதிதாக எழுதும்போது விட்டுவிடலாம். ‘பொறுப்புக்கூறல்’ இலங்கைத் தமிழில் ஊன்றிவிட்டது. அரசு, நிர்வாகம் பற்றி எழுத நல்ல சொல். சபைக்குள் கொஞ்சம் விறைப்பு.

தோட்டத்து ஊரில் வேறொரு சிக்கல். பிலிப்பியர் 1:1இல் சபைத் தலைவர்களுக்குப் பெயர் ‘கண்காணிகள்’. மேற்பார்ப்பவர் என்று பொருள்படும் கிரேக்க ‘எபிஸ்கோபோஸ்’. பிஷப் என்பதும் அதிலிருந்து வந்ததே. ஆனால் இங்கே தாத்தா பாட்டி காதில் விழுந்தது ‘கங்காணி’, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கியவர். விடியுமுன், ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவார். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் அவருக்குக் காசு. மத்தியானம் ஸ்டோரில் ரப்பர் பாலை நிறுத்து, பாலின் கெட்டியை அளக்கும் மெட்ரோலேக்கை மிதக்கவிட்டுப் பார்த்து, தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி பேருக்கு நேரே எண்ணை எழுதுவார். அந்த எண் சரியா என்று பால் வாளியைக் கொண்டுவந்தவர் திருப்பிக் கேட்பது லேசான காரியமா? கணக்கு மேலே மட்டுமே போனது. ‘சபையில கணக்குக் கேக்குறாங்க’ என்றதும் பேரப்பிள்ளைகள் இன்னும் முகம் சுளிப்பது அந்தப் பழக்கத்தில்தான் என்று நினைக்கிறேன்.

வேதாகமம் சொல்வது இரு பக்கமும் ஓடும் கணக்கு. ஒருவர் தப்புச் செய்தால், மத்தேயு 18இன்படி முதலில் இருவர் தனியே பேச வேண்டும், பிறகு ஒன்றிரண்டு சாட்சிகள், அதன் பிறகே சபை. நம்மூரில் பல நேரம் இது தலைகீழாக நடக்கும். யாக்கோபு 5:16 குற்றங்களை ‘ஒருவருக்கொருவர்’ அறிக்கையிடச் சொல்கிறது, போதகருக்கும் விலக்கில்லை.

மெதடிஸ்டுகளின் ‘வகுப்புக் கூட்டம்’ நிஜமாகவே பணக் கணக்கில் பிறந்தது. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கட்டடக் கடனை அடைக்க, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்றும், 12 பேருக்கு ஒருவர் போய் வசூலிப்பது என்றும் ஏற்பாடு. வீடு வீடாகப் போனவர்கள் அங்கங்கே குடியையும் சண்டையையும் பார்த்தார்கள். மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அந்த வசூலையே ஆத்தும விசாரிப்பாக்கினார். வசூலித்தவரும் வாரந்தோறும் போதகரையும் உக்கிராணக்காரர்களையும் சந்தித்துச் சொல்ல வேண்டும். கேட்டவரும் கேட்கப்பட்டார்.

‘கமிட்மென்ட்’டுக்கு அர்ப்பணிப்பு என்று எழுதுகிறோம். அதுவும் தனியாள் சொல். சேர்ந்து ஏற்பதற்கு ‘உடன்படிக்கை’யே சரி, வெஸ்லி 1755இல் தொடங்கிய உடன்படிக்கை ஆராதனையைப் புத்தாண்டையொட்டி நடத்துவது மெதடிஸ்டு வழக்கம்.

பேச்சில் ‘கணக்கொப்புவித்தல்’ வாயில் வராது என்பார்கள். அங்கே ‘விசாரிப்பது’ இருக்கிறது: “மூணு வாரமா அக்காவைக் காணோமே, யாராவது விசாரிச்சீங்களா?” போலீஸும் அதையேதான் செய்கிறது என்றாலும், குரலில் வித்தியாசம் தெரிந்துவிடும். காணிக்கை எண்ணும் மேசையில் மட்டும் விசாரிப்பு போதாது. அங்கே இரண்டு பேர் எண்ணி, இரண்டு கையெழுத்து.